சோதனைச்சாவடியில் ஒரு துண்டுக் கடதாசி

மூதூர் இறங்குதுறையில் லோஞ்சுக்காகக் காத்து நின்ற நாட்களை எம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் உப்பாறு, கங்கை, இறால்குழித் துறைகளிலும் பாலங்கள் வந்தன. அதுவரை திருகோணமலைப் பட்டினத்துக்குப் போவதென்றால் ஒன்றில் கடல்வழி, இல்லையேல் ஒவ்வொரு துறையிலும் 'பாதை' ஏறி இறங்கும் தரைவழி. ஏறும் இடத்தில் ஒரு சோதனை, இறங்கும் இடத்தில் இன்னொன்று. அடையாள அட்டையை நீட்ட வேண்டும். பையைக் கொட்டிக் காட்ட வேண்டும். நெல் மூடையென்றால் நீண்ட கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். "எங்க போறது? என்னத்துக்கு?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவியும் பதில் சொல்லியாக வேண்டும், பரீட்சைக்குப் போகும் பிள்ளையும் பதில் சொல்லியாக வேண்டும்.

விதைக்கென்று புறம்பாகக் கட்டிய நெல்லும் சோற்றுக்கென்று கொண்டுவந்த அரிசியும் ஒரே சாக்கில் கொட்டுண்டால் கமக்காரனுக்கு என்ன நட்டம் என்பது அதைக் கொட்டியவருக்குத் தெரியாது. அது துப்பாக்கிச் சூடுமல்ல, கைதுமல்ல. ஆகவே எந்தப் பதிவிலும் அது ஏறவில்லை. எமது மக்கள் இழந்தவற்றில் பெரும் பகுதி இப்படி எவரும் எழுதிவைக்காமல் போனவை. இக்கட்டுரை அந்த எழுதிவைத்தலைப் பற்றியது.

"பழைய கதை எதற்கு, சாவடிகளைத்தான் எடுத்துவிட்டார்களே" என்று சிலர் கேட்கக்கூடும். பல சாவடிகள் எடுக்கப்பட்டன என்பது உண்மைதான். அவசரகாலச் சட்டமும் 2011 ஓகஸ்டில் முடிவுக்கு வந்தது. ஆயினும் 2024 மே மாதத்தில் சம்பூர்ப் பகுதியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கிய பெண்களை இரவு நேரத்தில் வீட்டிலிருந்து பொலிசார் இழுத்துச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் பல்லாயிரக்கணக்கானோர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களுள் மிகப் பலர் தென்பகுதியின் ஏழைச் சிங்கள இளைஞர். வீடு புகுந்து தேடுதல், வீதியில் வைத்து உடுப்பைக் களைந்து சோதித்தல் எல்லாம் அவர்களுக்கும் நடந்தன. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்கள் 2024 சனவரியில் அதைக் கண்டித்து அறிக்கை விட்டனர். எமக்கு முப்பது வருடமாகத் தெரிந்த விடயம் அவர்களுக்கும் தெரியவந்திருக்கிறது. இதில் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இனி இதைத் 'தமிழரின் பிரச்சினை' என்று ஒதுக்கிவிட முடியாது.

கட்டைபறிச்சானில் நின்ற உரமூடை

மூதூர் கிழக்குக் கமக்காரருக்குக் கட்டைபறிச்சான் சாவடி எப்படியோ, ஈச்சிலம்பற்று மக்களுக்கு மகிந்தபுர அப்படி. உரம், டீசல், சீமெந்து, பற்றரி என்று எதற்கும் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் ஒரு கடிதம், முகாமில் ஒரு கையொப்பம், பிறகு சாவடியில் நிற்பவரின் மனம். வேளாண்மைக்கு யூரியா போடும் நாள் எமக்காகக் காத்திருக்காது. பயிர் மட்டம் வெடிக்கும் பருவத்தில் போடவேண்டியதை இரண்டு கிழமை பிந்திப் போட்டால் வைக்கோல்தான் மிஞ்சும். ஒரு மூடை உரம் சாவடியில் நின்றதற்கு ஒரு குடும்பம் மாரி முழுவதும் கடனில் இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. புலிகளின் சாவடிகளிலும் பாஸ் இருந்தது, பொருட்களுக்கு வரி இருந்தது. வெளியே போக விரும்பியவர் பிணை வைத்துப் போன காலமும் இருந்தது. 2006 ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூரில் சண்டை மூண்டபோது கால்நடையாக வெளியேறிய முஸ்லிம் மக்களை வழியில் மறித்து ஆண்களைப் புறம்பாக்கியவர்கள் புலிகளே. நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தாலும், அதற்குமேல் ஒரு கண் இல்லாவிட்டால் அது ஒரே விதமாகத்தான் நடந்துகொள்கிறது.

அடையாள அட்டையின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. நெடுங்காலமாகச் சிங்களவரின் அட்டை சிங்களத்தில் மாத்திரமும், எமது அட்டை சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டு வந்தன. அட்டையை வாசிக்கவே தேவையில்லை. தமிழெழுத்து இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். 2014 முதல்தான் எல்லோருக்கும் இரு மொழிகளிலும் அட்டை வழங்கலாயினர். அட்டையைத் தொலைத்து, கிராம சேவகரின் கடிதத்தோடு மாத்திரம் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் இருந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு பார்வைகூட இல்லை. அவர்கள் முழு விசாரணைக்கும் நின்றார்கள்.

ஐந்து பேர் கொண்ட குழு

2002 பெப்ரவரி 22ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையைப் பற்றி எமது மக்கள் பேசும்போது வானம் அமைதியாக இருந்ததை நினைவுகூர்வார்கள். அந்தப் பத்திரத்தின் சில வரிகள் சாவடிகளைப் பற்றியவை என்பது பலருக்குத் தெரியாது. பொதுமக்களைத் துன்புறுத்தாத விதத்தில் சாவடிகளின் ஏற்பாட்டை இரு தரப்பும் மீளாய்வு செய்து 60 நாட்களுக்குள் புது முறையைக் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் தேடுதலும் கைதும் நடக்கக்கூடாது, கைதென்றால் சாதாரண குற்றவியல் நடவடிக்கைச் சட்டத்தின்படிதான் என்றும் இருந்தது. திருகோணமலை - ஹபரணை வீதியைப் பயணிகளுக்கு இருபத்துநான்கு மணிநேரமும் திறந்துவைப்பதென்பது இன்னொரு வாசகம்.

இவற்றைக் கண்காணிக்க நோர்டிக் நாட்டவர்களின் கண்காணிப்புக் குழுவுக்குத் துணையாக ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் குழுக்கள் நியமிக்கப்பட்டன. திருகோணமலையும் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேர்: அரசு தரப்பில் இருவர், புலிகள் தரப்பில் இருவர், தலைமை வகிக்க ஒரு வெளிநாட்டவர். உள்ளூர் அங்கத்தவர்களை ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரச ஊழியர்கள், மதத் தலைவர்கள் போன்றோரிலிருந்து தெரிவு செய்யலாம் என்று உடன்படிக்கையே சொல்லியது. சாவடியில் நடந்ததைப் போய்ச் சொல்வதற்கு, படை உடுப்பு அணியாத ஒருவர் இருக்கும் ஓர் அலுவலகம் எமது மாவட்டத்துக்குக் கிடைத்தது.

அந்தக் குழு எல்லாவற்றையும் தீர்த்ததென்று சொல்ல வரவில்லை. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இருக்கவில்லை. விசாரித்து, இது மீறல், இது மீறலல்ல என்று தீர்ப்புச் சொல்லலாம், அவ்வளவுதான். பிள்ளைகளைப் படையில் சேர்த்தது பற்றிப் புலிகளுக்கு எதிராகக் குவிந்த முறைப்பாடுகளுக்கும் அதனால் முடிவுகட்ட இயலவில்லை. 2003 முதல் மூதூரில் தங்கியிருந்த வன்முறையற்ற அமைதிப்படை என்ற வெளிநாட்டுத் தொண்டர் அமைப்பினரும் ஆயுதமின்றி மக்களுக்குத் துணையாகப் போனார்கள். உள்ளூரவர் கேட்டால் அதட்டுபவர், வெள்ளைக்காரர் பக்கத்தில் நின்றால் தணிந்து பேசுவார். அது எமக்குப் பெருமையான விடயமல்ல என்றாலும் உதவியது. 2008 சனவரி 16ஆம் திகதி உடன்படிக்கை முடிவுற்றதோடு கண்காணிப்புக் குழுவும் புறப்பட்டது. எமது தவறு என்னவென்றால், அவர்கள் செய்த பதிவு வேலையை நாம் பழகிக்கொள்ளாமல் அவர்களிடமே விட்டுவிட்டோம்.

அதற்கு முன்னர் எமக்குப் பழக்கமில்லாத வேலையுமல்ல அது. எண்பதுகளில் பிரஜைகள் குழுக்கள் முகாம் வாசலில் நின்று பெயர் எழுதின. மட்டக்களப்புப் பிரஜைகள் குழுத் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 யூன் 6ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரி மாணவர்கள் அறிந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில் காணாமற்போனார். கேள்வி கேட்பதற்கு இந்த மாகாணம் கொடுத்த விலை சிறிதல்ல.

துண்டு தரச்சொல்லும் பணிப்புரை

1997இல் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க படையினருக்கும் பொலிசாருக்கும் சில பணிப்புரைகளை விடுத்தார். 2006 யூலையில் சனாதிபதி மகிந்த ராஜபக்ஷ அவற்றை மீண்டும் விடுத்தார். கைது செய்பவர் தனது பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்கு அறிவிக்கக் கைதானவருக்கு வசதி செய்துகொடுக்க வேண்டும். வாக்குமூலம் அவர் விரும்பும் மொழியில் எழுதப்பட வேண்டும். பெண்ணையோ சிறுபிள்ளையையோ கொண்டுபோகையில் அவர்கள் விரும்பும் ஒருவர் கூடவர இடமளிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கைது செய்ததற்கு ஒரு பற்றுச்சீட்டை, அதாவது ஒரு துண்டை, உறவினரிடம் கொடுக்க வேண்டும்.

அந்தத் துண்டை எத்தனை தாய்மார் கையில் வாங்கினார்கள்? கேட்டால் "நாளைக்கு வா" என்ற பதில்தான் பலருக்குக் கிடைத்தது. ஆனால் கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் பின்னால் ஒரு வித்தியாசம் தெரிந்தது. கேட்டுத் தரமறுத்தார்கள் என்று அன்றே எழுதி முறைப்பாடு கொடுத்தவரிடம் திகதியும் இடமும் இருந்தன. பத்து வருடம் கழித்து ஆணைக்குழுக்களின் முன் போய் நின்றபோது, அவர்களின் கையில் ஒரு கடதாசியாவது இருந்தது.

சட்டத்தில் உள்ளதையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரைப்படி காரணம் சொல்லாமல் எவரையும் கைது செய்யக்கூடாது. சாதாரண சட்டத்தின்கீழ் கைதானவரை 24 மணிநேரத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோக வேண்டும். பெண்ணைச் சோதிப்பதானால் பெண்ணே, மானத்துக்குப் பங்கமின்றிச் சோதிக்க வேண்டும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் கைது செய்தால் 48 மணிநேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வேண்டுமென்றே அறிவிக்காதவரைத் தண்டிக்கவும் அதில் இடமுண்டு.

கையொப்பம் பற்றி ஒரு வார்த்தை. விளங்காத மொழியில் எழுதிய கடதாசியில் "வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று ஒப்பம் வைப்பது எமது மக்களின் பழைய நோய். தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. "தமிழில் எழுதுங்கோ, அல்லது வாசித்துக் காட்டுங்கோ" என்று அமைதியாகச் சொல்லலாம். வற்புறுத்தி ஒப்பம் வாங்கினால், வெளியே வந்த அன்றே அதை எழுதிவைக்க வேண்டும்.

முகாமுக்குள்ளிருந்து ஒரு வழக்கு

எம்மைப்போல் இடம்பெயர்ந்த ஒருவரின் கதை இது. வவுனியா சிதம்பரபுரம் முகாமில் வசித்த அவர் வெளியே போவதற்கும் வருவதற்கும் தற்காலிகப் பாஸில் தங்கியிருக்க வேண்டியிருந்தது. அவரைப்போல் ஆயிரக்கணக்கானோர் அங்கே இருந்தனர். அவர் உயர் நீதிமன்றம் போனார். 2002 செப்டெம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சட்டத்தில் அடிப்படையில்லாத அந்தப் பாஸ் முறை அவரது நடமாடும் சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் மீறுகிறது. முகாமில் நிவாரண அரிசி வாங்கும் ஒரு மனிதன் இந்த நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றத்தில் வென்றான் என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை.

2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை விடியற்காலையில் எழுப்பி பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் அடுத்த நாளே உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை பெற்றது. அதே வருடம் டிசம்பரில் கொழும்பில் நிரந்தரமாக வீதியை மறித்து நிற்கும் சாவடிகளுக்கு எதிராகவும் அந்நீதிமன்றம் கட்டளையிட்டது.

இவற்றைச் சொல்லும்போது தோல்வியையும் மறைக்கக்கூடாது. 2006 சனவரி 2ஆம் திகதி மாலை திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தச் சடலங்களைப் படமெடுத்து, கிட்டத்தில் வைத்துச் சுடப்பட்டதை உலகறியச் செய்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அம்மாத 24ஆம் திகதி சுடப்பட்டார். சனாதிபதி ஆணைக்குழு வந்தது. அதைக் கவனிக்க இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் வந்த வெளிநாட்டு நிபுணர் குழு, விசாரணை சர்வதேச நியமங்களுக்கு ஏற்ப நடக்கவில்லை என்று கூறி 2008இல் விலகியது. 2013இல் கைதான விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் சான்று போதாதென்று 2019 யூலையில் விடுவிக்கப்பட்டார்கள். சாட்சிகள் அச்சத்தால் நாட்டைவிட்டே போயிருந்தார்கள். கண்காணிப்பு என்பது கொழும்பிலிருந்து ஓர் ஆணைக்குழு வருவதல்ல என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை. சாட்சி சொல்பவரைப் பாதுகாக்க ஊர் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை வென்ற இடங்கள்

நியூயோர்க் நகரப் பொலிசார் 2011ஆம் ஆண்டில் மாத்திரம் 685,724 தடவை வீதியில் ஆட்களை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேரிடம் ஒரு குற்றமும் காணப்படவில்லை. இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? நிறுத்தும் ஒவ்வொரு தடவையும் பொலிசாரே ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அந்தப் படிவங்களை வழக்குப் போட்டு வெளியே எடுத்தார்கள். 2013இல் நீதிபதி அம்முறை அரசியலமைப்புக்கு முரணானது என்றார். 2015இல் எண்ணிக்கை 23 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அதனால் நகரில் குற்றம் பெருகிவிடவும் இல்லை.

இலண்டனில் பிரிக்ஸ்ரன் பகுதியில் 1981இல் கலவரம் வெடித்ததற்கு, சில நாட்களில் ஆயிரத்துக்குக் கிட்டிய பேரைப் பொலிசார் வீதியில் மறித்துச் சோதித்தது உடனடிக் காரணங்களில் ஒன்று. 1999இல் வெளிவந்த மக்பேர்சன் விசாரணை அறிக்கை, நிறுத்தப்பட்டவர் கையில் காரணத்தை எழுதிய ஒரு துண்டு கொடுக்க வேண்டும் என்றது. எமது தாய்மார் முகாம் வாசலில் கேட்ட அதே துண்டு. இந்திய உச்ச நீதிமன்றமும் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில், கைது செய்யும் பொலிசார் பெயர்ப்பட்டி அணிய வேண்டும், சாட்சி ஒப்பத்துடன் கைதுக் குறிப்பு எழுத வேண்டும் என்று விதித்தது.

எமது நாட்டில் அப்படிப் படிவம் நிரப்பும் வழக்கம் இல்லை. ஆகவே அந்தப் படிவத்தை நாமே எழுதவேண்டியிருக்கிறது.

நூற்றியறுபது பக்கக் கொப்பி

ஒரு கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ இதைத் தொடங்கலாம். வேண்டியது ஒரு தடித்த கொப்பியும், கையெழுத்துத் தெளிவான ஒரு பிள்ளையும். திகதி, நேரம், இடம். பொலிசாரா, இராணுவமா, கடற்படையா. உடுப்பிலோ வாகனத்திலோ இலக்கம் தெரிந்தால் அது. நிறுத்தப்பட்டவர் ஆணா பெண்ணா, வயது. காரணம் சொன்னார்களா. எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள். பெண்ணைச் சோதித்தது பெண்ணா. என்ன பொருள் பழுதாயிற்று, அதன் பெறுமதி என்ன. கேட்டவர்களிடம் அன்றைக்கே கேட்டு எழுத வேண்டும். ஒரு கிழமை கழிந்தால் மூன்று சம்பவம் ஒன்றாகக் கலந்துவிடும்.

பெயரை அந்தக் கொப்பியில் எழுத வேண்டாம். இலக்கம் போடுங்கள். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் வேறிடத்தில் இருக்கட்டும். எழுதுபவர் வேறு, கொண்டுபோய்க் கொடுப்பவர் வேறு என்றிருப்பதும் நல்லது. சாவடியில் நின்று வாக்குவாதப்பட வேண்டாம், வீடியோ எடுக்கிறேன் என்று போனை உயர்த்தவும் வேண்டாம். பார்த்து மனதில் வைத்துக்கொண்டு வருவதே காணும்.

இன்னொன்று, சிலர் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள்: மரியாதையாக நடந்த உத்தியோகத்தரையும் எழுத வேண்டும். மழையில் நின்ற கிழவரை உள்ளே இருத்திய பொலிஸ்காரரும் உண்டு, தமிழில் காரணம் சொல்லி அனுப்பியவரும் உண்டு. குறை மாத்திரம் உள்ள கொப்பியைப் பொறுப்பதிகாரி ஒரே புரட்டில் மூடிவிடுவார். இரண்டும் இருந்தால் வாசிப்பார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுருக்கி எண்களாக்கி, பொறுப்பதிகாரியிடமும் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமும் நேரில் கையளிக்கலாம். பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். தனியே போகக்கூடாது. இந்த மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவர்கள். பங்குத்தந்தையும் ஐயரும் மௌலவியும் விகாரையின் தேரரும் சேர்ந்து போனால் ஒரே சமூகத்தின் மனக்குறை என்று அதைத் தட்டிக்கழிக்க முடியாது. மாட்டு வண்டிலையும் மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தையும் மறித்துப் பணம் கேட்கப்படுவது சேருவில கமக்காரருக்கும் பிடிக்காத விடயந்தான்.

கடுமையானது நடந்தால் கொப்பியோடு நிற்கக்கூடாது. அடி, சட்டவிரோதக் கைது, பெண்ணைத் தகாத முறையில் தொடுதல் போன்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். அதற்கு ஒரு மாதம்தான் அவகாசம். இடம்பெயர்ந்த குடும்பங்கள் அதிகம் இழந்தது இந்த ஒரு மாதக் கணக்கில்தான். காயம் ஆறட்டும், வெட்டு முடியட்டும் என்று இருந்துவிடுவோம். அந்த மாதத்துக்குள் திருகோணமலையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை நடக்கிறது என்பதற்கு எழுத்தில் சான்று கேட்டு வாங்கி வைக்க வேண்டும், பின்னர் நீதிமன்றம் அதைக் கேட்கும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் உயர் நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினாலும் அதை மனுவாக ஏற்க நீதிமன்ற விதியில் இடமுண்டு. சட்ட உதவி ஆணைக்குழுவிலும் கேட்கலாம். பொலிசாருக்கு எதிரான முறைப்பாடுகளைத் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் ஏற்கிறது. 2001இல் 17ஆம் திருத்தத்தால் உருவான அந்த ஆணைக்குழுவின் பலம் ஆட்சிக்கு ஆட்சி கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது என்பதால் அதை மாத்திரம் நம்பியிருக்க வேண்டாம். ஒரே கடிதத்தின் பிரதியை மூன்று இடத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டுகளைக் கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

லூக்கா நற்செய்தியில் வரும் விதவை நேர்மையற்ற நடுவனிடம் திரும்பத் திரும்பப் போன கதை எல்லோருக்கும் தெரியும். அவளிடம் கொப்பி இருந்ததாகச் சொல்லப்படவில்லை. நாட்களை எண்ணி வைத்திருப்பாள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

சம்பூர் மக்கள் 2006 ஏப்ரலில் வெளியேறி, 2015இலும் 2016இலும் திரும்பி வந்து காணிகளைத் துப்புரவு செய்தபோது, உறுதியும் அனுமதிப்பத்திரமும் பத்திரமாக வைத்திருந்தவர்களின் அலுவல் சற்று இலகுவாக முடிந்ததைக் கண்டோம். கொப்பிக்கும் அதே கவனம் வேண்டும். மழை படாத இடத்தில், ஒரு பிரதி பங்குப் பணிமனையிலும் இன்னொன்று பள்ளிவாசலிலும் இருக்கட்டும். மாதமொருமுறை இரண்டையும் ஒத்துப்பார்க்க ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்டுக் காலத்தில் ஒருவருக்கும் நேரமிராது. விதைப்பு முடிந்து முதல் தண்ணீர் கட்டியபின் தொடங்குவது வசதி.